காரைக்குடிக்கு மூன்று ரெகுலேட்டர்கள்

“…பொட்டியே தொலைஞ்சாலும் பரவாயில்லை மாமா, அது மட்டும் உங்க சட்டைப் பையிலேயே இருக்கட்டும். கேக்குதா? சட்டைப் பை!”

ஈப்போவில், என் ரேடியோ டிவி பழுதுபார்க்கும் கடையில், தொலைபேசியைக் காதில் வைத்தபோது பேச்சு இப்படிப் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. பேசியது காரைக்குடியிலிருந்து அருள்மேரி. என் சித்தப்பா மகள் ஜோசப்பினின் பெண். பூத்தில் மீட்டர் ஓடுகிற அவசரத்தில், நான் எடுக்கும்வரைகூட அவளுக்குப் பொறுமையில்லை.

அவள் சொன்ன ‘அது’ ஒரு ரெகுலேட்டர். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கீழே மூன்று கால், முதுகில் ஒரு தகடு, தகட்டின் தலைமாட்டில் திருகு போட ஓர் ஓட்டை. அவ்வளவுதான். அதற்காகத்தான் நான் கடல் தாண்டினேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரியே நம்பமாட்டாள்.

அருள்மேரி பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம். அவளும் தோழி விசாலாட்சியும் சேர்ந்து ஒரு ரோபோ செய்திருந்தார்கள். ரோபோ என்றதும் கைகால் வைத்த இரும்பு மனிதனை நினைத்துவிடாதீர்கள், நான் நினைத்து ஏமாந்தேன். மணைப்பலகை அளவில் ஓர் அலுமினியத் தகடு. பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஓர் உருளை, முதுகில் ஆறு வோல்ட் மொபெட் பாட்டரி. போட்டியில் வெள்ளைப் பலகைமேல் கறுப்புக் கோடு ஒட்டியிருப்பார்கள். இந்த வண்டி யாரும் தொடாமல் கோட்டைப் பார்த்துப் பார்த்தே போய், நடுவில் ஒரு மேட்டை ஏறி இறங்கி, கோடு முடிகிற இடத்தைத் தாண்ட வேண்டும்.

போன வருஷம் தாண்டவில்லை. மேட்டில் ஏறுவதற்கு மோட்டார் மூச்சைப் பிடித்ததும் பாட்டரி தளர்ந்துவிடும். ரோபோவின் மூளையான சிப்புக்கு ஐந்து வோல்ட் குறையாமல் வேண்டும். ரொம்பக் குறைந்தால் எல்லாவற்றையும் மறந்து நின்றுவிடும். மூன்று தரம் ஏறி, மூன்று தரமும் நடுமேட்டில் நின்றது. வேற்றுக் கல்லூரிப் பையன்கள் அதற்கு ‘புள்ளத்தாச்சி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த வருஷத்தோடு படிப்பு முடிகிறது, இனி ஒரு போட்டி கிடையாது. “பரிசெல்லாம் வேணாம் மாமா. ஒரே ஒரு தடவை நிக்காம அந்தக் கோட்டைத் தாண்டிருச்சுன்னா போதும்” என்றாள்.

ஊர்க்கடைகளில் கிடைக்கிற ரெகுலேட்டர், ஏழு வோல்ட் கொடுத்தால்தான் ஐந்தை முழுசாகக் கொடுக்கும், ஆறு வோல்ட் பாட்டரியில் சமதரைக்கு மட்டும் எப்படியோ தாக்குப்பிடிக்கும். அருள்மேரி ஏதோ புத்தகத்தில் கண்டுபிடித்த ரகம், ஐந்தரை கொடுத்தாலே ஐந்தைக் கொடுத்துவிடுமாம். காரைக்குடியில் இல்லை, மதுரையிலும் கேட்டாயிற்று. ஈப்போவில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் சீனர் கடையில் மூன்று இருந்தன. மூன்றையும் வாங்கிக்கொண்டேன்.

முதல் சோதனை இங்கே வந்து இறங்கிய விமான நிலையத்திலேயே வந்தது. சுங்க அதிகாரி என் சட்டைப் பையைக் காட்டி, “என்ன சார் இது, மூணு கால் பூச்சியாட்டம்?” என்றார்.

“கரண்டுக்கு மூக்கணாங்கயிறு சார். துள்ளாம ஒரே சீராப் போகச் சொல்லும்.”

“சரி, மாடு எங்க?”

“காரைக்குடியில.”

அவர் சிரித்துவிட்டார். பெட்டியில் சாக்குக்கட்டியால் ஒரு கிறுக்குக் கிறுக்கி, “போங்க, போங்க. மாடு கட்டுத்தறியில காத்துக்கிட்டிருக்கும்” என்று அனுப்பினார். மலேசியாவில் அதிகாரிகள் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்குத் தனியாகப் படிவம் நிரப்ப வேண்டும் என்று நினைக்கிறேன்.

காரைக்குடி பஸ் திருமயத்துக்குப் பக்கத்தில் பஞ்சரானது. ஈப்போவில் பஸ் நின்றால் எல்லாரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பக்கத்து ஆளைப் பார்க்க மாட்டார்கள். இங்கே எல்லாரும் இறங்கி ஒரு புளியமரத்தடியில் கூடிவிட்டார்கள். ஓர் அம்மாள் கூடையைத் திறந்து கொய்யாப்பழம் கொடுத்தார். யார், எந்த ஊர், மலேசியாவில் மழை பெய்கிறதா, அங்கே ரப்பர் இன்னும் இருக்கிறதா என்று வரிசையாக விசாரணை. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் டயரைப் பார்த்தபடியே சொன்னார்: “பஸ்ஸு பஞ்சரானாத்தேன் சனம் பேசிக்கிருது. ஓடுறப்பப் பூராம் தூங்குது.” பைக்குள்ளிருந்த நோட்டை எடுத்து இதைக் குறித்துக்கொண்டேன். இந்த மாதிரி ஒரு பேச்சுக்காக இன்னொரு பஞ்சரும் ஆகலாம்.

பஸ் நிலையத்தில் அருள்மேரி மொபெட்டோடு நின்றாள். ஒல்லி, மூக்குக்கண்ணாடி, காதோரம் செருகிய பென்சில். “வந்துட்டீகளா மாமா? அது இருக்கா?” என்று என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பையைப் பார்த்தே கேட்டாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

“மாமா, ஒரு விசயம். இதோட பாட்டரியைத்தேன் ரோபோவுல மாட்டியிருக்கோம். அதனால ஹாரன் அடிக்காது. நீங்களும் சேர்ந்து கத்துங்க.”

செக்காலை ரோடு வழியாக இரண்டு பேரும் “ஓரம்! ஓரம்!” என்று கத்திக்கொண்டே போனோம். எதிரே வந்த ஐஸ் வண்டிக்காரர் ஓரம் ஒதுங்கி, “அங்குட்டுப் பார்த்துப் போங்கப்பா, கல்யாணத்துக்கா போறீக?” என்றார். கடல் கடந்து வந்தவனுக்கு இதைவிட நல்ல வரவேற்பு எந்த மேளதாளத்தில் கிடைக்கும்?

ஜோசப்பின் பள்ளிக்கூட ஆசிரியை. புருஷனும் வாத்தியார்தான், பரீட்சைத் தாள் திருத்த வெளியூர் போயிருந்தார். இலையில் கோழிக் குழம்பை ஊற்றிக்கொண்டே அவள் கேட்டாள்: “ஏண்ணே, ஒரு ரெகுலேட்டருக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? நம்ம முக்குக் கடையிலயே ஃபேனோட சேர்த்துத் தருவானே.”

“அம்மா, அது வேற, இது வேற!” என்று அருள்மேரி சோற்றுக்கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் விசாலாட்சி வீட்டுக்குப் போனோம். ரோபோ இருப்பது அங்கேதான். இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெருவரைக்கும் நீண்ட வீடு. வாசலில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் கேட்காது. விசாலாட்சியை எல்லாரும் சாலா என்கிறார்கள். அவள் அம்மா வள்ளியம்மை ஆச்சி, நான் உட்காரும் முன்பே கவுனி அரிசி கொண்டுவந்து வைத்தார். கறுப்பு அரிசியில் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும். ஒரு வாய் போட்டதும் திடுக்கிட்டேன். எங்கள் ஊர்ச் சந்தையில் மலாய்க்காரப் பெண்கள் கஞ்சியாக்கி விற்கும் அதே ‘புலுட் ஹீத்தாம்’.

“ஆச்சி, இது எங்க ஊரு அரிசி!”

“உங்க ஊருதாய்யா. அந்தக் காலத்துல கப்பல்ல போனவுக கொண்டாந்தது. போன எடத்துல மனுசன் மறந்தாலும் நாக்கு மறக்கலை பாருங்க” என்று இன்னொரு கரண்டி வைத்தார்.

பின்கட்டு அறையில் ரோபோவைப் பார்த்தேன். நான் பள்ளிக்கூடத்தில் மின்சாரம் படித்தவனல்ல. அப்பாவின் ரேடியோவைப் பிரித்து, அடி வாங்கி, அடி வாங்கிய கோபத்தில் திரும்பச் சேர்த்து, அப்படித் தொழில் கற்றவன். ஆனாலும் ஈப்போவில் முப்பது வருஷமாகக் கடை. ஒரு தோரணை வந்துவிடும் இல்லையா? பழைய ரெகுலேட்டர் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. “இப்படித் தொங்கவிட்டா சூடு எங்க போகும்? நாலு டார்ச் பல்பு வேற இதிலேருந்துதான் எரியுது. உடம்புத் தகட்டோட சேர்த்து இறுக்கித் திருகு, பிள்ளை. நான் திருகாத டிவியா?” என்றேன்.

கோட்டைப் பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும் என்று முன்னால் நாலு பல்பு வைத்திருந்தார்கள். சூடாகும் என்று நான் சொன்னது சரிதான். அருள்மேரி மறுபேச்சில்லாமல் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஈயத்தால் பற்றவைத்தாள். நான் தகட்டில் ஓட்டை போட்டுத் திருகினேன். சாலா பாட்டரி ஒயரை மாட்டினாள்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். கறுப்பு ஒயர் தோலுரிந்து புகைந்தது. ரெகுலேட்டரின் நடுக்கால் கருகி முறிந்து விழுந்தது.

“சரக்கு சரியில்லை. சீனன் ஏமாத்திட்டான்” என்றேன். இப்போது நினைத்தால் அந்த மனுஷரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. இரண்டாவதை எடுத்து, இன்னும் நன்றாக இறுக்கித் திருகினேன். அதே புஸ். அதே புகை.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் முத்துக்கருப்பன். கார் எலெக்ட்ரீஷியன். சாலா வீட்டில் தாத்தா காலத்து இங்கிலீஷ் கார் ஒன்று ஷெட்டில் நிற்கிறது. ஊரில் அந்த மாதிரிப் பழைய வண்டி எது கிளம்பாவிட்டாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ரோபோவின் உடம்பை வெட்டி, பழைய வண்டிகளின் வைப்பர் மோட்டார் இரண்டைப் பொருத்தி, மோட்டாருக்கு ஒயர் இழுத்துக் கொடுத்ததும் இவரே. சிப்பு, பல்பு வேலையெல்லாம் அருள்மேரி. அவர் புகையை மோந்து பார்த்தார். மேசைமேல் கிடந்த இரண்டு பிணத்தையும் பார்த்தார்.

“ரெண்டு பூச்சி செத்துப்போச்சு. மூணாவதை எங்குட்டு அடக்கம் பண்ணப் போறீக?”

யாரும் சிரிக்கவில்லை. அருள்மேரி என் சட்டைப் பைக்குள் கையைவிட்டு மூன்றாவதை எடுத்து, தன் ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்து மூடினாள். “மாமா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. தெரிஞ்ச மாதிரி எரிக்காதீக” என்றாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் சுட்டது. போட்டிக்கு நடுவில் ஒரே ஒரு நாள் இருந்தது.

அன்று ராத்திரி ஜோசப்பின் வீட்டில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும். பத்து தின்பவன் நாலோடு எழுந்துவிட்டேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் ஆச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வந்தவுகளை இப்படி மூஞ்சி வாட வச்சிருக்கீகளே. வாங்கய்யா, இளையாத்தங்குடிக்குப் போயிட்டு வருவோம். எங்க கோயிலு. நாளைக்குப் பிள்ளைகளுக்குப் போட்டி, கும்பிட்டாப்பலயும் இருக்கும். முத்துக்கருப்பா, வண்டிய எடு.”

பெண்பிள்ளைகள் வரவில்லை. கரியைச் சுரண்டி, எரிந்த ஒயரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் முன்சீட்டில், ஆச்சி பின்சீட்டில் ஒரு தூக்குச்சட்டிக் கந்தரப்பத்தோடு. அந்தக் கார் போகிற வேகத்தில் வழியிலிருக்கிற எல்லா ஆட்டையும் தனித்தனியாக விசாரிக்கலாம். ஆச்சி ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும், அந்த ஊரில் யார் வீட்டில் யாரைக் கொடுத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஈப்போவில் நெடுஞ்சாலைக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். இங்கே ஆச்சி இருக்கிறார்.

கோயிலுக்கு இரண்டு மைல் இருக்கும்போது வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. நல்ல வெயில். ஒரு பக்கம் கண்மாய், மறுபக்கம் கருவேலங்காடு. முத்துக்கருப்பன் பானெட்டைத் தூக்கினார். “பாட்டரி முனை கழண்டு, சார்ஜும் இறங்கிருச்சு. அண்ணே, இந்தச் சிவப்பு ஒயரைச் செத்தப் பிடிங்க.”

பிடித்தேன். பிடித்த ஒயரின் மறுமுனை எங்கே போகிறது என்று கண் தானாகப் பின்தொடர்ந்தது. அது வண்டியின் இரும்பு உடம்பில் திருகியிருந்தது. சிவப்பு ஒயர், உடம்பில்!

“அண்ணே, மாத்தி மாட்டியிருக்கீங்களே! கறுப்பில்ல உடம்புல வரணும்? மைனஸ்தானே உடம்பு?”

“மாத்தியா?” அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “இந்த வண்டி பொறந்ததுலருந்து இப்படித்தேன் ஓடுது. அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் வண்டியில உடம்பு பிளஸ்ஸு. நான் தொழில் பழகினதே இதுலதேன். பதினஞ்சு வயசுலருந்து எனக்கு உடம்புன்னா பிளஸ்ஸுதேன்.”

“அப்ப… பிள்ளைக ரோபோவுக்கு?”

“அதுக்கு மட்டும் தனி வழியா? வைப்பர் மோட்டாரும் பழைய வண்டியிலருந்து கழட்டுனதுதானே. அதுக்கு ஒரு முனை அதோட இரும்புக் கூடுதேன். அதைத் தகட்டுல திருகி, தகட்டைப் பிளஸ்ஸுல கொடுத்திருக்கேன். ஏன்?”

நான் நடுரோட்டில் கையைத் தட்டிச் சிரித்தேன். கண்மாயில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. அந்த ரெகுலேட்டரின் முதுகுத் தகடு உள்ளுக்குள் மைனஸோடு சேர்ந்தது. நான் பிரித்த டிவிகளில் அதை உடம்பில் திருகுவேன், அங்கே உடம்பும் மைனஸ், வம்பில்லை. இங்கே பிளஸ்ஸான உடம்பில் மைனஸான முதுகைக் கொண்டுபோய், இறுக்கி வேறு திருகியிருக்கிறேன். பாட்டரியின் இரண்டு முனையையும் என் கையாலேயே முடிச்சுப் போட்டிருக்கிறேன். அவருக்கு உடம்பென்றால் பிளஸ். எனக்கு உடம்பென்றால் மைனஸ். இரண்டு பேருமே மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், தெரிந்த விஷயமாயிற்றே!

ஆச்சி ஜன்னல் வழியே தலையை நீட்டினார். “என்னய்யா சத்தம்? யாரு மேல தப்பு?”

“ரெண்டு பேரு மேலயும் ஆச்சி.”

“அப்பச் சரி, சண்டையில்லை. ஆளுக்கு ஒரு கந்தரப்பம் தின்னுட்டு வண்டியத் தள்ளுங்க.”

தள்ளினோம். கண்மாய்க் கரையில் நின்ற நாலு பேர் கூப்பிடாமலே வந்து தள்ளினார்கள். அதில் ஒருவர், “எவ்வளவு தூரம் தள்ளணும்?” என்று கேட்டார். “கிளம்புற வரைக்கும்” என்றார் முத்துக்கருப்பன். “அப்படின்னா சட்டையைக் கழட்டிர்றேன்” என்று கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு வந்தார். பத்தடியில் வண்டி கிளம்பிவிட்டது. மனுஷருக்கு ஏமாற்றம்.

கோயிலில் என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். நான் மாதா கோயில்காரன்தான். ஆனால் மூன்றாவது ரெகுலேட்டர் விஷயத்தில் யாரையும் விட்டுவைக்கிற நிலையில் நானில்லை.

மத்தியானம் திரும்பியதும் நேரே அருள்மேரியிடம் போய், “தெரியாமத்தான் எரிச்சேன் பிள்ளை. இப்பத் தெரிஞ்சிருச்சு” என்று நடந்ததைச் சொன்னேன். அவள் மீட்டரை எடுத்து ஒரு முனையைத் தகட்டிலும் ஒரு முனையைப் பாட்டரியின் மைனஸிலும் வைத்தாள். முள் அசைந்தது. பிறகு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. “நானும் பார்க்கலையே மாமா. என் போர்டுக்கு ஒயரை நேரே பாட்டரியிலருந்து எடுத்தேன். உடம்பு என்னன்னு கேக்கவே இல்லை.”

தப்பு மூன்றாகப் பிரிந்ததும் எல்லாருக்கும் பாரம் குறைந்துவிட்டது.

“வேணும்னா உடம்பை மைனஸ்ஸாக்கிருவோமா?” என்றார் முத்துக்கருப்பன், மனசில்லாமல்.

“வேணாம்ணே. நீங்க கொடுத்ததுதேன் சரி. என் டிரான்சிஸ்டர் எல்லாம் மைனஸ் பக்கத்துல நின்னுதேன் மோட்டாரைத் திறந்து மூடுது. உடம்பை மாத்தினா அதெல்லாம் பிரிக்கணும். ரெகுலேட்டருக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருந்தாப் போதும். சூடு போகணும், கரண்டு போகக்கூடாது.”

பெருமையில் அவர் முகம் ஊதிய பலூன் மாதிரி ஆகிவிட்டது. “சூடு போகணும், கரண்டு போகக்கூடாது, அம்புட்டுத்தானே? யாரு வீட்டுல செத்துப்போன இஸ்திரிப் பெட்டி இருக்கு?”

ஜோசப்பின் வீட்டில் இருந்தது. அருள்மேரி மொபெட்டில் கத்திக்கொண்டே போய்க் கத்திக்கொண்டே வந்தாள். முத்துக்கருப்பன் பெட்டியைப் பிரித்து, கம்பிச் சுருளுக்கு இரு பக்கமும் இருந்த மைக்காவை எடுத்தார். கண்ணாடி மாதிரி, வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாக உரிகிறது. நம்மவர்கள் காக்காப்பொன் என்பார்களே, அதுதான். மிக மெல்லிசாக ஓர் ஏட்டை உரித்து, கத்தரிக்கோலால் தபால்தலையில் பாதி அளவுக்கு வெட்டினாள் சாலா. திருகாணி வழியாகக் கரண்டு கடந்துவிடக்கூடாது, அதற்குச் சுற்றிலும் தலைக்கடியிலும் பிளாஸ்டிக் வேண்டும். என் நோட்டோடு இருந்த பேனாவின் ரீஃபிலை வெட்டிச் சின்னத் திருகாணிக்குச் சட்டையாக மாட்டினோம், தலைக்கடியில் சோப்பு டப்பாவிலிருந்து வெட்டிய ஒரு வில்லை. அன்றைய மிச்சப் பேச்சுக்களை என்னால் குறித்துக்கொள்ள முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

அருள்மேரி ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்தாள். மூன்றாவது ரெகுலேட்டர். தகடு, அதன்மேல் மைக்கா, அதன்மேல் ரெகுலேட்டர், அதன்மேல் சட்டை போட்ட திருகாணி. இந்தத் தடவை நான் திருகவில்லை, அவளே திருகினாள். முதுகுக்கும் உடம்புக்கும் நடுவில் மீட்டர் வைத்தாள். முள் அசையவில்லை. முத்துக்கருப்பன் வாங்கி வைத்துப் பார்த்தார். நான் வாங்கி வைத்துப் பார்த்தேன். ஆச்சி, “எனக்கும் காட்டுங்க” என்றார். அவருக்கும் அசையவில்லை.

உள்ளே வருவது ஒரு கால், நடுவில் மைனஸ், வெளியே போவது மூன்றாவது கால் என்று சொல்லிக்கொண்டே அருள்மேரி பற்றவைத்தாள். வெளியே போகும் காலுக்கும் மைனஸுக்கும் குறுக்கே ஒரு பெரிய கன்டென்சர். மோட்டார் இழுக்கிற நேரத்தில் கொஞ்சம் சேமிப்பு இருக்கட்டும் என்று. “மாட்டவா?” என்றாள் சாலா. எல்லாரும் இரண்டடி பின்னால் போனோம்.

பச்சை விளக்கு எரிந்தது. சிப்பு விழித்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அதுதான். முத்துக்கருப்பன் குனிந்து மூக்கை நீட்டினார். “வாசம் இல்லை” என்றார். அதற்குப் பிறகுதான் நாங்கள் இரண்டடி முன்னால் வந்தோம். தரையில் வட்டமாகக் கறுப்பு டேப் ஒட்டி ஓட்டிப் பார்த்தார்கள். சுற்றிச் சுற்றி வந்தது. கையால் சக்கரத்தைப் பிடித்து இழுத்தாலும் பச்சை விளக்கு கண் சிமிட்டவில்லை. ஆச்சி அன்று எல்லாருக்கும் மசாலா சீயம் சுட்டார். நான் எத்தனை தின்றேன் என்பதை ஆச்சி மட்டும் அறிவார்.

நாலாம் நாள் போட்டிக்கு டவுன் பஸ்ஸில் போனோம். கார் வேண்டாம் என்று ஒருமனதாக முடிவு. சீட்டில் ரோபோவை வைத்ததும் கண்டக்டர் வந்து நின்றார். “இதென்னம்மா, ஏதும் வெடிக்குமா?” சாலா சொன்னாள்: “முந்தாநாள் வெடிச்சுச்சு. இப்பத் திருந்திருச்சு.” அவர் யோசித்துவிட்டு, “அப்ப மடியில வச்சுக்கங்க, திருந்துனதுக்குச் சீட்டு வேணாம்” என்று போய்விட்டார்.

கல்லூரியின் பெரிய கூடம். நடுவில் வெள்ளைப் பலகைகள், வளைந்து நெளிந்த கறுப்புக் கோடு, நடுவில் அந்த மேடு. போன வருஷத்துப் பையன்கள் முன்வரிசையில் இருந்தார்கள். “டேய், புள்ளத்தாச்சி வந்துருச்சுடா, எடம் விடுங்கடா!” என்று ஒருவன் குரல் கொடுத்தான். அருள்மேரி காதில் விழாதது போலப் போனாள். சாலா நின்று திரும்பினாள். “நல்லா எடம் விடுங்க தம்பி. இன்னைக்குத்தேன் நாள் குறிச்சிருக்கு.” அவன் கூட்டாளிகளே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எங்களுக்கு முன்னால் இரண்டு ரோபோக்கள் கோட்டைவிட்டு ஓடிப்போயின. அடுத்தது நாங்கள். அருள்மேரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையோரம் மண்டியிட்டு, சுவிட்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தாள். வண்டி முதல் வளைவைத் தாண்டியது, இரண்டாவதையும் தாண்டியது. முத்துக்கருப்பன் என் தோளைப் பிடித்திருந்தார். மேடு நெருங்க நெருங்கப் பிடி இறுகியது. மேட்டடியில் மோட்டார் முனகியது. பாதி மேடு. போன வருஷம் நின்ற இடம். எங்களில் யாரும் அந்த வண்டியைப் பார்க்கவில்லை, பச்சை விளக்கைத்தான் பார்த்தோம். முன்வரிசைப் பையன்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள். வேகம் குறைந்தது. நத்தையாக ஊர்ந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. உச்சிக்கு வந்து, மூக்கைக் கீழே தாழ்த்தி, கடகடவென்று இறங்கியது.

“தாயீ!” என்று முத்துக்கருப்பன் கத்தியது நடுவர்களின் மைக்கில் விழுந்து கூடம் பூராவும் கேட்டது. கடைசி வளைவு. நேர்கோடு. கோட்டின் முடிவு. தாண்டிவிட்டது! கைதட்டலில் கூரை இடிந்துவிடும் போலிருந்தது.

ஆனால் அது நிற்கவில்லை. பலகையைவிட்டுத் தரையில் தடக்கென்று இறங்கி, அது பாட்டுக்கு நேரே போய்க்கொண்டிருந்தது.

“அருளு!” என்று சாலா அலறினாள். “நிக்கிறதுக்கு எழுதவே இல்லையேடி!”

உண்மைதான். போன வருஷம் மேட்டையே தாண்டவில்லை. வீட்டில் ஓட்டிப் பார்த்தது வட்டம். கோடு முடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோடு கண்ணில் படாவிட்டால் நேரே போ என்பது மட்டுமே அதற்குத் தெரியும், போயிற்று. நடுவர்கள் மூன்று பேரும் நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டார்கள், மேசைக்கடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. முன்வரிசைப் பையன்கள் பெஞ்சை இழுத்து வழி விட்டார்கள். முத்துக்கருப்பன், “பிடிங்க, பிடிங்க, கதவுல முட்டப்போகுது!” என்று கத்தினார். நான் ஒரு பக்கமும் சாலா ஒரு பக்கமுமாகக் குனிந்து ஓடினோம்.

அருள்மேரி எங்களோடு குனியவில்லை. வெறுங்காலோடு எங்களையும் தாண்டி, அதையும் தாண்டி ஓடினாள். மூடிக்கிடந்த வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றாள்.